ஜப்பானிய மொழி தொடக்கம்: ரோமாஜியா, கானாவா, நாளுக்கு எத்தனை கான்ஜி?

#1 | புதுமாணவன்

வணக்கம். ஜப்பானிய மொழியைச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், ஞாயிறு இரண்டு மணி. இலக்கு டிசம்பரில் என்5 (ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலை). கையில் பத்து மாதம். என் கேள்விகள்: முதலில் ரோமாஜியிலோ (ஆங்கில எழுத்தில் எழுதுவது) தமிழ் எழுத்திலோ சொற்களை எழுதிவைத்துப் படித்துவிட்டு, பிறகு ஜப்பானிய எழுத்துக்குப் போகலாமா? கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) எப்போது? எந்தப் புத்தகம்? செயலி மட்டும் போதுமா? ஆங்கிலம் வாசித்தால் புரியும், சரளம் இல்லை.

#2 | குறில்நெடில்

ரோமாஜியும் வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம். முதல் நாளே ஹிரகானா. கானா என்னும் ஒலியெழுத்து இரண்டில் முதலாவது அது, மற்றது கதகானா.

தமிழில் க ஒன்றுதான், இடத்தைப் பார்த்து ஒலி மாறும். சொல் முதலில் வன்மை, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் தானாகவே இளகிவிடும். ஜப்பானியத்தில் அந்த வன்மை மென்மை பொருளையே மாற்றும். பெர்சிமன் பழத்தையும் சாவியையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'. பழத்தில் இரண்டாவது க 'கண்'ணில் வரும் க போல, சாவியில் 'தங்கி'யில் வரும் க போல. கானாவில் சாவியின் எழுத்துக்கு வலது தோளில் இரண்டு சின்னக் கோடு இருக்கும், பழத்துக்கு இருக்காது. அத்தோடு குழப்பம் முடிந்தது. ரோமாஜியில் வேறு தொல்லை: நெட்டோசைக்குத் தலைமேல் போட வேண்டிய கோட்டை முக்கால்வாசிப் பேர் போடுவதில்லை. குறில் எது, நெடில் எது என்று தெரியாமலேயே நூறு சொல் மனப்பாடம் ஆகிவிடும். அதைப் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

அடிப்படை எழுத்து 46. வரிசை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: அ இ உ எ ஒ, பிறகு க ச த ந ஹ ம ய ர வ. ஹ இருக்கும் இடத்தில் ப போட்டுப் பாருங்கள், நம் நெடுங்கணக்கு வரிசை அப்படியே வரும். தற்செயல் இல்லை. இந்திய எழுத்து முறையைப் படித்த பௌத்த அறிஞர்கள் வழியாக அங்கே போன அடுக்கு அது. ஹ வரிசை பழங்காலத்தில் ப ஒலியாக இருந்தது என்பதால்தான் இன்றும் அதே எழுத்துக்கு வட்டம் போட்டால் ப, இரட்டைக்கோடு போட்டால் அதன் மெல்லொலி. அகராதி புரட்டும்போது இந்த வரிசை கைகொடுக்கும்.

நாளுக்கு ஒரு வரிசை, ஐந்து எழுத்து. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பார்த்து நான்கு முறை, நோட்டை மூடிவிட்டு ஒலியை மட்டும் சொல்லி இரண்டு முறை. மறுநாள் முதல் ஐந்து நிமிடம் நேற்றைய வரிசை, பார்க்காமல். பத்து நாளில் 46 முடியும். அடுத்த நான்கு நாள் இரட்டைக்கோடு எழுத்து 20, வட்டம் 5, சின்ன ய யு யொ சேர்ந்த கூட்டெழுத்து 33. புது வடிவம் எதுவும் இல்லை என்பதால் ஓடிவிடும். அதற்கப்புறம் கதகானா பத்து நாள். ஆக, நான்கு வாரத்துக்குள் எழுத்து முடிந்துவிடும்.

நான்கு விருப்பத்தில் ஒன்றைத் தொடும் செயலி விளையாட்டில் எல்லாம் தெரிந்தது போல இருக்கும், வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னால் பாதி வராது. குறிப்பாக இந்தக் கூட்டம்: நு–மெ (வால் சுழிந்தால் நு), ரு–ரொ (கடைசியில் சுழி இருந்தால் ரு), வ–நெ–ரெ. இந்த மூன்றில் முடிவு உள்பக்கம் வளைந்தால் வ, சுழித்தால் நெ, வெளிப்பக்கம் தெறித்தால் ரெ.

இந்த இழையில் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதுவது பேச்சு வசதிக்கு மட்டும். த என்றால் வன்மை, ட என்றால் மென்மை என்று வைத்துக்கொள்வோம். நாக்கு இரண்டுக்குமே பல்லருகில், 'தட்டு'வில் வரும் ட இடத்துக்குப் போகக் கூடாது.

#3 | அரைமாத்திரை

மேலே சொன்னதோடு ஒன்று. எழுத்தை ஒலிப்பதிவு இல்லாமல் படிக்காதீர்கள். தமிழருக்கு இங்கே பெரிய அனுகூலம் ஒன்றும் பெரிய குழி ஒன்றும் இருக்கின்றன.

அனுகூலம் மாத்திரை. ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி. ஆங்கிலேயருக்கு இந்த நெடில் காதில் விழவே மாதக்கணக்காகும். நமக்கு 'கல்'லும் 'கால்'உம் போல உடனே கேட்கும். ர ஒலியும் அப்படித்தான், நம் 'மரம்' ர போதும்.

குழி என்னவென்றால் மெய். தமிழில் ஒற்றுக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் சொல் நடுவில் வரும் ன் முழு ஒன்று, சின்ன த்ஸு எழுதிக் காட்டும் இரட்டிப்பும் முழு ஒன்று. கொன்னிச்சிவா (வணக்கம்) ஐந்து அடி: கொ–ன்–னி–ச்சி–வா. (கடைசி வா இங்கே தமிழ் எழுத்துப் பழக்கம், அங்கே குறில்தான்.) கிதெ என்றால் 'வந்து', இரண்டு அடி. கித்தெ என்றால் தபால்தலை, மூன்று அடி. கீதெ என்றால் 'கேட்டு', அதுவும் மூன்று. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள், ஒவ்வொரு தட்டும் ஒரே நீளம். கினென் என்றால் நினைவு (கி–னெ–ன், மூன்று), கின்'எ'ன் என்றால் புகைபிடிக்கத் தடை (கி–ன்–எ–ன், நான்கு). இரண்டாவதில் ன்–னையும் எ–யையும் தமிழ் வாய் உடனே 'னெ' என்று சேர்த்துவிடும். உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது நம் இயல்பு. அங்கே ஒன்றக் கூடாது.

டோக்கியோ என்று நாம் சொல்வது நான்கெழுத்து ஊர். அவர்கள் சொல்வது தோ–க்யோ, நான்கு அடி, இரண்டும் நெடில், நடுவில் க் இரட்டிப்பு இல்லை.

வராத ஒலிகள் இரண்டு. த்ஸு: 'ச்சு' ஆகிவிடும். 'வத்ஸன்' சொல்லும்போது நடுவில் வருவதைப் பிடித்துக்கொண்டு அதையே சொல் முதலிலும் கொண்டுவாருங்கள். அடுத்தது மிஸு (தண்ணீர்). அந்த ஸு தேனீ ரீங்காரம் போலத் தொண்டை அதிர வர வேண்டும். நம் ஆட்கள் அதை 'மிஜ்ஜு' ஆக்குவார்கள், அல்லது அதிர்வில்லாத ஸு ஆக்குவார்கள். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள்.

மரியாதைப் பேச்சில் வாக்கியத்தை முடிக்கும் டெஸு, மஸு இரண்டிலும் கடைசி உ பெரும்பாலும் கேட்காது: டெஸ், மஸ். நம் குற்றியலுகரம் போல. அழுத்திச் சொன்னால் தவறில்லை, வாசிப்புப் பயிற்சி போல இருக்கும்.

சுருதியும் உண்டு. ஹஷி என்பதில் முதல் எழுத்து உயர்ந்து இரண்டாவது இறங்கினால் சாப்பிடும் குச்சி, முதலில் தாழ்ந்து பிறகு ஏறினால் பாலம். இது தோக்யோ வழக்கு. ஒசாகா, கியோத்தோ பக்கம் வேறு மாதிரி. முதல் மூன்று மாதம் இதை விதியாகப் படிக்க வேண்டாம். ஒலிப்பதிவைக் கேட்டு அதே ராகத்தில் திருப்பிச் சொன்னால் போதும்.

#4 | புதுமாணவன்

நன்றி. ஹிரகானா முடிந்தது. கதகானாவில் ஷி, த்ஸு, ஸொ, ன் நான்கும் ஒரே எழுத்தாகத் தெரிகிறது. வேறு யாருக்கும் இப்படியா, எனக்கு மட்டுமா?

#5 | குறில்நெடில்

எல்லாருக்கும். கண்ணால் பிரிக்கப் பார்த்தால் பிரியாது, பேனா போகும் திசையால் பிரியுங்கள்.

ஷி: இரண்டு சின்னக் கோடும் இடப்பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்று, பெரிய கோடு கீழிருந்து மேலே. ன்: அதே திசை, சின்னக் கோடு ஒன்றுதான். த்ஸு: இரண்டு சின்னக் கோடும் மேற்பக்கத்தில் அடுத்தடுத்து, பெரிய கோடு மேலிருந்து கீழே. ஸொ: அதே திசை, சின்னக் கோடு ஒன்று. ஷியையும் ன்–னையும் இடது ஓரத்துக்கு ஒட்டி எழுதுங்கள், த்ஸுவையும் ஸொவையும் மேல் ஓரத்துக்கு ஒட்டி. நாலு நாள் திசை பார்த்து எழுதினால் அச்சிலும் தானாகத் தெரியும்.

கதகானாவை அலட்சியம் செய்ய வேண்டாம். வெளிமொழிச் சொல் எல்லாம் அதில்தான்: உணவுப் பட்டியல், கடைப்பெயர், உங்கள் பெயர் உட்பட. ஆங்கிலம் தெரியும், ஆகவே எளிது என்பதும் ஓரளவுதான் சரி. 'பஸொகொன்' என்பது பர்சனல் கம்ப்யூட்டரின் தலைகளை வெட்டி ஒட்டியது, 'கொன்பினி' என்பது கன்வீனியன்ஸ் ஸ்டோரின் முன்பாதி. இவற்றைப் புதுச்சொல்லாகவே படியுங்கள்.

#6 | ஒற்றுமிகாஇடம்

இலக்கணம் பற்றி யாரும் பேசவில்லை. என் கருத்து கொஞ்சம் காரமாக இருக்கும்: தமிழர் ஜப்பானிய இலக்கணத்தை ஆங்கிலத்தில் யோசித்துப் படிப்பது, வடபழனியிலிருந்து கோடம்பாக்கம் போகத் தாம்பரம் சுற்றுவது.

கினோ கத்த ஹொன். நேற்று வாங்கிய புத்தகம். சொல்லுக்குச் சொல், அதே வரிசை. ஆங்கில வழிப் புத்தகம் இந்த அமைப்புக்கு ஒரு பாடமே ஒதுக்கி அம்புக்குறி போட்டு விளக்கும். உங்களுக்கு அது பெயரெச்சம், அவ்வளவுதான். இகு தொ இத்த: போகிறேன் என்று சொன்னான். அந்தத் 'தொ' நம் 'என்று'. டரெ 'யார்', டரெக 'யாரோ', டரெமொ எதிர்மறையோடு வந்தால் 'யாரும்'. அந்த மொ நம் உம், அந்தக் க நம் ஓ.

தெ வடிவம் என்று ஒன்று வரும். எல்லாரும் அதைப் பார்த்து மிரள்வார்கள். அது நம் வினையெச்சம், செய்து, வந்து, போய். அதன்பின் ஒட்டும் துணைவினைகளைப் பாருங்கள்:

தபெதெ மிரு: சாப்பிட்டுப் பார்.
ஷிதெ ஒகு: செய்து வை.
தபெதெ ஷிமௌ: சாப்பிட்டுவிடு. வெறுப்பு தொனித்தால் 'தின்று தொலை'.
மொத்தெ குரு: கொண்டு வா. மொத்தெ இகு: கொண்டு போ.

மிரு என்றால் தனியாகவும் 'பார்'தான், ஒகு என்றால் 'வை'தான். நாம் 'சாப்பிட்டுப் பார்' என்னும்போது கண்ணால் பார்க்கச் சொல்வதில்லையே, அதே கதை.

தெ வடிவ விதி: அகராதி வடிவம் உ, த்ஸு, ரு–வில் முடிந்தால் த்தெ (மத்ஸு–மத்தெ, காத்திரு). மு, நு, மெல்லொலி பு என்றால் ன்டெ (நொமு–நொன்டெ, குடி). கு என்றால் இதெ (ககு–கைதெ, எழுது), அதே கு மென்மையானால் இடெ. ஸு என்றால் ஷிதெ. விலக்கு ஒன்று: இகு (போ) மட்டும் இத்தெ. எரு, இரு என முடியும் இரண்டாம் வகுப்பு வினைகளில் ரு–வை எடுத்துவிட்டுத் தெ போட்டால் சரி. ஆனால் அங்கே வேஷம் போட்டவர்கள் உண்டு. கஎரு (திரும்பு) பார்க்க இரண்டாம் வகுப்பு, நடப்பில் முதல் வகுப்பு, கஎத்தெ ஆகும். கிரு இரண்டு உண்டு: வெட்டு என்றால் கித்தெ, உடுத்து என்றால் கிதெ. இப்படிப்பட்ட வினைகளை அட்டையில் எழுதும்போது தெ வடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

'உண்டு, நின்று, கற்று, போய்' என்று நம் எச்சங்கள் இருக்கும் கோலத்தைப் பார்த்தால், ஜப்பானியத்தில் முழு விலக்கு வினை ஸுரு, குரு இரண்டுதான் என்பது கொடுப்பினை.

#7 | பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆக்களுக்கு இன்னுமொரு வசதி இருக்கு, ஒருத்தரும் சொல்லேல்லை.

கொரெ, ஸொரெ, அரெ, டொரெ. இது, உது, அது, எது. கொரெ எனக்குக் கிட்ட இருக்கிறது, ஸொரெ உங்களுக்குக் கிட்ட இருக்கிறது, அரெ ரெண்டு பேருக்கும் தூர. தமிழ்நாட்டில 'உது' வழக்கொழிஞ்சு போச்சு. அதால அங்கத்தைய ஆக்கள் எதிரில நிக்கிறவற்ற கையில இருக்கிற பேனையைக் காட்டி 'அரெ' எண்டு சொல்லிப் பிழைவிடுவினம். அது ஸொரெ. இடமும் அப்பிடித்தான்: கொகொ, ஸொகொ, அஸொகொ, டொகொ. மூண்டாவதில மட்டும் ஒரு எழுத்துக் கூட.

அடுத்தது குடுக்கிறது. அகெரு, குரெரு ரெண்டுக்கும் ஆங்கிலத்தில ஒரே சொல். பழந்தமிழில தா வேற, கொடு வேற. தன்னிடமோ முன்னால நிக்கிறவரிடமோ வந்து சேருறதுக்குத் தா, படர்க்கைக்குப் போறதுக்குக் கொடு எண்டு தொல்காப்பியத்திலயே இருக்கு. மலையாளத்தில இப்பவும் பேச்சில இருக்கு. குரெரு என் பக்கம் வாறது, அகெரு என் பக்கத்தில இருந்து வெளிய போறது. ஆசிரியர் எனக்குப் புத்தகம் தந்தவர் எண்டதுக்கு 'ஸென்ஸே வ வதஷி நி ஹொன் ஒ அகெமஷித' எண்டால் பிழை, குரெமஷித எண்டு வர வேணும். ஆசிரியர் எண்டபடியால் குடஸைமஷித இன்னும் மரியாதை. ஒரு வித்தியாசம்: ஜப்பானியத்தில 'உங்களுக்குத் தாறன்' எண்டாலும் அகெரு பக்கம்தான். அதில தமிழைப் பின்பற்றக் கூடாது.

#8 | அரைமாத்திரை

ஒற்றுமிகாஇடம் ஐயா சொல்வதில் முக்கால்பங்கு சரி. மீதிக் கால்பங்கில்தான் மதிப்பெண் போகும். தமிழ் ஏமாற்றும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

'இல்' ஒன்றை வைத்து நாம் எல்லாம் ஓட்டுகிறோம். அங்கே இரண்டு. வீட்டில் இருக்கிறேன் என்றால் இஎ நி, வீட்டில் சாப்பிடுகிறேன் என்றால் இஎ டெ. இருத்தலுக்கு நி, அங்கே ஒரு செயல் நடந்தால் டெ. தமிழர் தாளில் அதிகம் சிவப்பு விழுவது இங்கேதான்.

'இரு' ஒன்றுதான் நமக்கு. அங்கே மனிதர், விலங்குக்கு இரு. பொருள், மரம், கட்டடத்துக்கு அரு. இரு என்ற ஒலி நம் சொல்லைப் போலவே இருப்பதால் மேசைக்கும் அதையே போட்டுவிடுவோம்.

'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு வேண்டும்'. இந்த எனக்கு, வதஷி வ ஆகும். பிடித்த பொருளுக்கு மெல்லொலி க வரும், நம் 'ஐ' போன்ற செயப்படுபொருள் ஒ வராது. வதஷி வ ஸகன க ஸுகி டெஸு: எனக்கு மீன் பிடிக்கும். மீனைப் பிடிக்கும் என்று 'ஐ' போட்டுப் பழகியவர்கள் அங்கே ஒ போடுவார்கள். பேச்சில் எங்காவது காதில் விழலாம், தேர்வில் தவறு.

'அண்ணனும் தம்பியும் வந்தார்கள்'. நாம் உம் உம் போட்டு அடுக்குவோம். அதை மொ மொ என்று மொழிபெயர்த்தால் 'அண்ணனும் சரி தம்பியும் சரி' என்ற அழுத்தம் வந்துவிடும். சும்மா அடுக்க இடையில் தொ ஒன்று போதும்.

தெ இரு என்பதைக் 'கொண்டிரு' என்று மட்டும் படிக்காதீர்கள். மத்தெ இமஸு 'காத்துக்கொண்டிருக்கிறேன்' சரி. ஆனால் கெக்கொன் ஷிதெ இமஸு 'கல்யாணம் ஆகியிருக்கிறது'. மணமேடையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது இல்லை. தமிழ் இரண்டாகப் பிரித்த வேலையை அங்கே ஒரே வடிவம் செய்கிறது.

பெயரடைக்குக் காலம் உண்டு என்பது நமக்கு முற்றிலும் புதிது. ஒயிஷீ டெஸு, ருசியாக இருக்கிறது. இருந்தது என்பதற்கு ஒயிஷீ டெஷித என்று சொல்லத் தோன்றும், தவறு. ஒயிஷிகத்த டெஸு. மாறாக, கிரே (அழகு) இ–யில் முடிவது போலத் தெரியும், ஆனால் வேறு கூட்டம்: கிரே டெஷித, கிரே ன ஹன.

கடைசியாக 'நீங்கள்'. அனத என்று புத்தகம் சொல்லித்தரும், ஆனால் ஆளைப் பார்த்து அதிகம் சொல்லக் கூடாது. பெயரோடு ஸன் சேர்த்துக் கூப்பிடுங்கள். நம் ஊரிலும் பெரியவரை 'நீங்க நீங்க' என்று நூறு தடவை சொல்லாமல் 'சார்', 'அண்ணாச்சி' என்று முறை வைத்துத்தானே பேசுகிறோம். உங்கள் பெயருக்கு நீங்களே ஸன் போடக் கூடாது.

#9 | ஒற்றுமிகாஇடம்

நி–டெ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிழைகளையும் தமிழில் யோசித்தால்தான் கண்டுபிடிக்க முடிகிறது, கவனித்தீர்களா.

#10 | பழையபுத்தகக்கடை

புத்தகம் பற்றிக் கேட்டிருந்தார். இரண்டில் ஒன்று எடுங்கள், இரண்டும் வேண்டாம்.

மின்ன நொ நிஹொன்கோ முதல் பகுதி: 25 பாடம், என்5–க்கு அதுவே போதும். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானியத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் தனிப் புத்தகம். முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் ஏராளம், ஆகவே சேர்த்து வாங்குங்கள். தெ வடிவம் 14–ஆம் பாடத்தில் வரும். வகுப்பில் படிப்பவருக்கு ஏற்றது. கெங்கி முதல் பகுதி: 12 பாடம், விளக்கம் ஆங்கிலத்தில் அதே புத்தகத்துக்குள், தெ வடிவம் 6–ஆம் பாடத்தில். தனியாகப் படிப்பவருக்கு இது வசதி, ஆனால் உங்கள் ஆங்கிலம் இடறினால் இரட்டைச் சுமை. காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் ஜப்பான் பவுண்டேஷன் வெளியிடும் இரொடொரி, பிடிஎஃப்பும் ஒலிக்கோப்பும் இலவசம். வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. பேச்சு, கேட்டல் பலம். இலக்கணம் சிக்கனமாக இருக்கும்.

பத்து மாதக் கணக்கு: முதல் மாதம் எழுத்து. அடுத்த ஏழு மாதம் பாடம். மின்ன என்றால் மாதத்துக்கு மூன்றரைப் பாடம், அதாவது ஒரு பாடத்துக்கு எட்டு நாள். கடைசி இரண்டு மாதம் மாதிரித் தாளும் கேட்டலும். ஒரு பாடத்தை இப்படி உடையுங்கள்: முதல் இரண்டு நாள் சொற்கள், அடுத்த மூன்று நாள் வாக்கிய அமைப்பு, ஆறாம் நாள் உரையாடலைப் பார்க்காமல் கேட்டு எழுதுவது, ஏழாம் நாள் பயிற்சிக் கேள்வி, எட்டாம் நாள் விட்டுப்போனது. கேட்டு எழுதும் நாளைத் தவிர்க்காதீர்கள். சின்ன த்ஸுவும் நெடிலும் எங்கே தப்புகின்றன என்று அன்றைக்குத்தான் தெரியும்.

செயலி: நினைவட்டைக்கு அன்கி. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. இயல்பாக நாளுக்கு 20 புது அட்டை என்று வைத்திருப்பார்கள். அதை 8 அல்லது 10 ஆகக் குறையுங்கள். புது அட்டையின் எண்ணிக்கையைப் போல ஏழெட்டு மடங்கு பழைய அட்டை தினமும் திரும்பி வரும். 20 வைத்தால் மூன்றாவது வாரம் நாளுக்கு 150 அட்டை வாசலில் நிற்கும். ஒரு நாள் விட்டால் 300. அத்தோடு செயலியை நீக்கிவிடுவார்கள். அட்டையின் முன்பக்கம் ஜப்பானியச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள், ஒலி, ஒரு குட்டி வாக்கியம். ஆங்கிலப் பொருள் போட்டால் 'அகெரு'வும் 'குரெரு'வும் ஒரே அட்டையாகிவிடும், மேலே பனங்கிழங்கு சொன்ன காரணம்தான்.

#11 | ஒற்றைக்கோடு

கான்ஜி விஷயத்தில் நான் வேறு கட்சி. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 இருக்கிறது. முதலில் அத்தனைக்கும் உறுப்பு பிரித்து, பொருள் மட்டும் மனத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒலிப்பு பிறகு. நாளைக்கு 15 என்றால் ஐந்து மாதத்தில் முடியும். அதன்பின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்நியமாக இருக்காது.

#12 | குறில்நெடில்

தினம் நான்கு மணி நேரம் உள்ளவருக்கு அது சரி. ஒரு மணி நேரக்காரருக்கு ஐந்து மாதம் கழித்து 2000 பொருள் தெரியும், ஒரு சொல் வாசிக்க வராது, தண்ணீர் கேட்கத் தெரியாது. என்5–க்கு நூறு கான்ஜி அளவில் போதும். 2010–க்குப் பிறகு அதிகாரபூர்வப் பட்டியல் வெளியிடுவதில்லை, சந்தையில் உள்ளவை எல்லாம் மதிப்பீடு.

என் ஆட்சேபம் நேரம் மட்டும் இல்லை. கான்ஜிக்கு ஒலிப்பு தனியாக இல்லை, சொல்லுக்குள்தான் இருக்கிறது. நாள் என்ற கான்ஜியை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நிச்சியோபி: அந்தச் சொல்லின் தலையிலும் வாலிலும் அதே எழுத்து, தலையில் நிச்சி, வாலில் பி. உயிர் அல்லது பிறப்பு என்ற கான்ஜி, ஸென்ஸே (ஆசிரியர்), கக்ஸே (மாணவர்) இரண்டிலும் ஸே. உமரெரு (பிற) என்பதில் உ. ஒலிப்புப் பட்டியலை மனப்பாடம் செய்தால் எதை எங்கே போடுவது என்று தெரியாது. சொல்லாகப் படித்தால் கேள்வியே எழாது. எட்டாவது வாரம் தொடங்கி வாரத்துக்கு நான்கு கான்ஜி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல். முப்பது வாரத்தில் 120.

எழுதும்போது கோட்டு வரிசையை மதியுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், சட்டம் இருந்தால் முதலில் சட்டம், உள்ளே உள்ளது, கடைசியில் அடிக்கோடு போட்டு மூடு. வாய் என்ற கான்ஜி பார்க்கச் சதுரம். நாம் ஒரே இழுப்பில் சதுரம் போடுவோம், அல்லது நான்கு கோடாகப் போடுவோம். அது மூன்று கோடு: இடது, மேலும் வலதும் ஒரே இழுப்பு, அடி. கோட்டு எண்ணிக்கை தவறினால் காகித அகராதியில் தேட முடியாது, கைபேசியில் விரலால் எழுதித் தேடினாலும் தப்பான எழுத்து வரும்.

இரட்டையர்கள்: மனிதர் கான்ஜியில் இடது கால் உச்சிவரை போகும், வலது கால் அதன்மேல் சாயும். நுழை கான்ஜியில் வலது கால் உச்சியைத் தாண்டித் தலைநீட்டும். ரயில் நிலையத்தில் நுழைவு வழிக்கும் மனிதருக்கும் வித்தியாசம் அந்தத் தலைதான்.

#13 | ஒற்றைக்கோடு

சரி, அவருக்கு நேரம் குறைவு என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். உறுப்பு பிரிப்பதையாவது கைவிட வேண்டாம். ஓய்வு என்ற கான்ஜி, மனிதர் பக்கத்தில் மரம். அதைப் பிரித்துப் பார்த்தவருக்கு மறக்காது.

#14 | பழையபுத்தகக்கடை

தேர்வு விவரம். ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு. சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் நடத்துகிறது. பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும், நவம்பரில் யோசித்தால் இடம் இருக்காது.

என்5 மூன்று சுற்று: எழுத்தும் சொல்லும் 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் 40, கேட்டல் 30. மொத்தம் 180, தேர்ச்சிக்கு 80. ஆனால் தனித்தனி வரம்பும் உண்டு: முதல் இரண்டும் சேர்ந்து 120–க்கு 38, கேட்டலில் 60–க்கு 19. மொத்தம் 110 வாங்கியும் கேட்டலில் 18 என்றால் தோல்வி. கேட்டல் ஒலி ஒரு முறைதான் ஓடும். பேச்சும் எழுத்தும் தேர்வில் கிடையாது. அதனால்தான் சான்றிதழ் வைத்துக்கொண்டு வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். வாசிப்புச் சுற்றில் நேரம் போவது கானாவைக் கூட்டிக்கூட்டிப் படிப்பதில்தான். ஆகஸ்டு முதல் தினம் பத்து வரி சத்தமாக வாசியுங்கள்.

நோக்கம் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசா என்றால் என்5 உதவாது. அடுத்த நிலையான என்4 அல்லது ஜப்பான் பவுண்டேஷனின் ஜேஎஃப்டி பேசிக் தேர்வு வேண்டும். பின்னது கணினியில், 250–க்கு 200.

#15 | புதுமாணவன்

மிக்க நன்றி. இரண்டு சில்லறைக் கேள்வி. கணினியில் கொன்னிச்சிவா அடித்தால் நடுவில் னி வராமல் இ வருகிறது. இன்னொன்று, ஒரு லட்சம் யென் எப்படிச் சொல்வது? அகராதியில் லட்சத்துக்குச் சொல்லே இல்லை.

#16 | அரைமாத்திரை

ஆங்கில விசைப்பலகையில் 'என்' விசையை இரண்டு தடவை அழுத்தினால் ஒற்று ன் முடிந்துவிடும், அடுத்த ஐ வெறும் இ ஆகும். மூன்று தடவை அழுத்துங்கள். கடைசி வ–வை 'எச்ஏ' என்று அடிக்க வேண்டும், அது எழுத்தில் ஹ. அதேபோல் செயப்படுபொருள் ஒ–வுக்கு 'டபிள்யூஓ'.

எண்ணில் அவர்கள் நான்கு சுழிக்கு ஒரு முறை புதுப்பெயர் வைப்பார்கள். 10,000 இச்சிமன். அதை வைத்தே மேலே எண்ணுங்கள்: ஒரு லட்சம் ஜூமன், பத்து லட்சம் ஹ்யகுமன், ஒரு கோடி இஸ்ஸென்மன். பத்துக் கோடியில்தான் அடுத்த பெயர், இச்சிஒகு. அச்சில் காற்புள்ளி மட்டும் மூன்று சுழிக்கு ஒரு முறை இருக்கும். அதை நம்பாமல் வலதிலிருந்து நான்கு இலக்கம் விரலால் மறைத்துவிட்டு, மீதியை வாசித்து 'மன்' சேருங்கள்.